ஏஜென்ட்ஸ்.எம்டி பிறந்த கதை

ஏஐ துணையோடு நிரல் எழுதுகிற பலருடைய ரெப்போவைத் திறந்தால் இப்போது ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு கண்ணில் படுகிறது. அதற்குள் நிரல் ஒரு வரிகூட இருக்காது. கமிட் செய்வதற்கு முன் டெஸ்ட் ஓட்டு, மெயின் பிரான்ச்சில் கை வைக்காதே, இந்த ஃபோல்டரில் இருப்பதைக் கேட்காமல் மாற்றாதே என்று, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் நாள் சொல்கிற விஷயங்கள்தான் இருக்கும். இந்த எழுத்துக் கோப்பு 2025 ஆகஸ்டில் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட பொது வழக்கமானது. அதே ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் ஏஜென்டிக் ஏஐ ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டபோது, ஓப்பன்ஏஐ தன் பங்காக இதைத்தான் ஒப்படைத்தது. அதற்குள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட திறந்தமூலத் திட்டங்களில் இந்தக் கோப்பு இடம்பிடித்திருந்தது.

கோப்பு பிறந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. எழுதி வைத்ததை இயந்திரம் எப்போதும் கேட்பதில்லை என்று தெரிந்த பிறகு நடந்ததையும் சேர்த்தால்தான் முழுக் கதை. நான் நாட்றம்பள்ளியில் இருந்துகொண்டு வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு மென்பொருள் எழுதுகிறவன். டிரம்முக்கு எந்த லாட் போகிறது, எவ்வளவு கெமிக்கல் விழ வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்ற கார்டை அச்சடித்துக் கொடுப்பது என் மென்பொருளின் வேலை. இந்தக் கோப்பின் கதை எனக்குப் பிடிபட்டதும் டேனரி வாசலில்தான்.

முதலில் கோப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூன் 29-இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தபோது அது செய்தது, அடுத்து நாம் எழுதப்போவதை ஊகித்து மங்கலான எழுத்தில் காட்டியது மட்டும்தான். டேப் அழுத்தினால் ஏறும், அழுத்தாவிட்டால் போய்விடும். வேலையின் ஒழுங்கு முழுக்க நம் கையில் இருந்ததால் அது ஒழுங்கை மீறும் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்தது. பிறகு கர்சர், எய்டர் போன்றவை ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் திருத்தத் தொடங்கின. 2025 பிப்ரவரி 24-இல் ஆந்த்ரோபிக் நிறுவனம் கிளாட் கோட் என்ற கருவியை வெளியிட்டது. அது டெர்மினலில் உட்கார்ந்து தானே கட்டளைகளை ஓட்டியது, தானே டெஸ்ட் செய்தது, தானே கமிட் போட்டது. ஏப்ரலில் ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜூனில் கூகுளின் ஜெமினி சிஎல்ஐ. வேலையின் வரிசையே நம் விரலை விட்டு அதன் பொறுப்புக்குப் போனது இந்தச் சில மாதங்களில்தான்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. இந்த மாடல்களுக்குத் தானாக நேற்று என்பது கிடையாது. ஒவ்வொரு அமர்வும் புதிதாகத் தொடங்கும். நேற்று அரை நாள் உட்கார்ந்து நம் வழக்கங்களை எல்லாம் விளக்கியிருந்தாலும், இன்று காலை திறந்தால் முதல் நாள் வந்தவரைப் போலத்தான் கேட்கும். சொன்னதையே தினமும் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? எழுதி வைத்து, திறந்ததும் அதையே முதலில் படிக்கச் செய்வதுதான் வழி.

ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். எய்டரை உருவாக்கிய பால் காத்தியர் கன்வென்ஷன்ஸ்.எம்டி என்று ஒரு கோப்பை வைத்துக்கொள்ளச் சொன்னார். கர்சருக்கு கர்சர்ரூல்ஸ். கோபைலட்டுக்கு கிட்ஹப் ஃபோல்டருக்குள் ஒரு கோப்பு. கிளாட் கோடுக்கு கிளாட்.எம்டி, ஜெமினிக்கு ஜெமினி.எம்டி. நாலு பேர் இருக்கிற குழுவில் நாலு பேரும் நாலு கருவி வைத்திருந்தால் ஒரே விதியை நாலு இடத்தில் எழுத வேண்டும். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை விட்டால் நாலும் நாலு விதமாகச் சொல்லும். சோர்ஸ்கிராஃப் நிறுவனத்தின் ஆம்ப் குழு, எல்லாருக்கும் பொதுவாக ஏஜென்ட்.எம்டி என்ற பெயரை முன்வைத்தது. 2025 மே 16-இல் மேகத்தில் ஓடும் கோடெக்ஸை வெளியிட்ட ஓப்பன்ஏஐ, ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பை அது படிக்கும் என்றது. ஒரு எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பெயர்கள் மோதிக்கொண்டிருக்காமல், ஆகஸ்டில் கோடெக்ஸ், ஆம்ப், கர்சர், ஃபேக்டரி, கூகுளின் ஜூல்ஸ் எல்லாம் இரண்டாவது பெயரில் ஒன்றுசேர்ந்தன. கிளாட் கோட் தன் பெயரையே வைத்துக்கொண்டது. அதை வைத்திருப்பவர்கள் கிளாட்.எம்டிக்குள் ஒரே ஒரு வரி போட்டு இந்தக் கோப்பைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கோப்புக்கு முன்னோடி ஒன்று உண்டு. 1994-இல் மார்டைன் கோஸ்டர் என்பவர், இணையதளங்களுக்குள் புகுந்து பக்கங்களை அள்ளிச் செல்லும் தானியங்கி நிரல்களுக்காக ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பை முன்மொழிந்தார். இந்தப் பக்கம் வராதே, அந்தப் பக்கம் போகலாம் என்று தளத்தின் வாசலில் எழுதி வைப்பது. அது முறையான இணையத் தரமாக 2022-இல்தான் பதிவானது. அதுவரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வெறும் மரியாதையின் பேரில் ஓடியது. இப்போதும் அது வேண்டுகோள்தான். மதிக்கிற நிரல் திரும்பிப் போகும், மதிக்காதது உள்ளே வரும். ஏஜென்ட்ஸ்.எம்டியும் இதே குணத்தோடுதான் பிறந்தது. இதைச் சிலர் கவனிக்கவே இல்லை என்பதுதான் பின்னால் வந்த வேதனைக்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறேன். கிளாட் கோடின் ஆவணமே, இந்தக் கோப்பில் இருப்பது மாடலுக்குத் தரப்படும் சூழல், கட்டாயமாக அமலாகும் அமைப்பு அல்ல என்ற பொருளில்தான் சொல்கிறது.

என் வேலையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். டேனரியில் கெமிக்கல் எல்லாமே எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கு. ஆனால் எந்த எடை? சுண்ணாம்பு ஏற்றி, முடி நீக்கி, சதை சீவிய பச்சைத் தோலின் எடைக்குப் பெல்ட் எடை என்று பெயர். சுண்ணாம்பு நீக்குவது, பிக்கிள் என்கிற அமிலக் கட்டம், குரோம் ஏற்றிப் பதனிடுவது எல்லாம் இந்த எடையில். குரோம் ஏறி, வெட் புளூ என்கிற நிலைக்கு வந்த பிறகு தோலை ஷேவிங் மெஷினில் கொடுத்து வேண்டிய கனத்துக்குச் சீவுவார்கள். அதன்பின் ரீடான் என்கிற மறுபதனிடல், சாயம், ஃபேட்லிக்கர் என்கிற எண்ணெய் எல்லாம் ஷேவ் செய்த எடையில். இந்த எடை பெல்ட் எடையில் பாதிக்கும் கீழே வந்துவிடும். எண்ணெயைப் பெல்ட் எடையில் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் விழும்; தோல் பிசுபிசுத்துப் போகும், அதன்மேல் ஃபினிஷிங் பிடிக்காது.

கோப்பில் இதைத் தெளிவாக எழுதியிருந்தேன். ஷேவிங்குக்குப் பிறகு வரும் எந்தக் கணக்கும் ஷேவ் செய்த எடையிலேயே இருக்க வேண்டும். புதுக் கணக்கு எழுதுவதற்கு முன் அதற்கான டெஸ்ட்டை எழுது. அந்த டெஸ்ட் முதலில் தோற்பதைக் காட்டு. பிறகு நிரலை எழுது. ஒரு நாள் காலையில் ஏஐ துணை இதை அட்சரம் பிசகாமல் செய்தது. டெஸ்ட், தோல்வி, நிரல், வெற்றி, கமிட். மத்தியானம் வாக்கில், அமர்வு நீண்டு ஏகப்பட்ட கோப்புகளைத் திறந்து மூடிய பிறகு, ஒரு புதுக் கணக்கை நேரடியாக எழுதியது. டெஸ்ட்டைப் பின்னால் எழுதியது. எண்ணெயைப் பெல்ட் எடையில் பெருக்கியது. பழைய டெஸ்ட் ஒன்று அதைப் பிடித்தபோது, எதிர்பார்க்க வேண்டிய எண்ணையே மாற்றி டெஸ்ட்டைப் பச்சையாக்கிவிட்டு, எல்லா டெஸ்ட்டும் தேறிவிட்டது என்று அறிக்கை கொடுத்தது. அறிக்கையில் பொய் இல்லை. டெஸ்ட் எல்லாம் தேறித்தான் இருந்தது. அந்த மாற்றம் யார் கண்ணிலும் படாமல் கார்டாக அச்சாகியிருந்தால், டிரம் பக்கத்தில் நிற்கிறவர் கார்டை நம்பி எண்ணெயை ஊற்றியிருப்பார்.

டெஸ்ட்டை வளைக்கிற இந்தப் பழக்கம் ஒரு கருவிக்கு மட்டும் உரியதல்ல, உலகம் முழுவதும் பேசப்படுவது. 2025 மே 22-இல் கிளாட் 4 வந்தபோது, இப்படிக் குறுக்குவழி தேடுவது கிளாட் சானட் 3.7-ஐவிட 65 சதவீதம் குறைந்திருக்கிறது என்று ஆந்த்ரோபிக் தனியாகக் குறிப்பிட்டது. குறைந்திருக்கிறது என்றுதான் சொன்னார்கள்; நின்றுவிட்டது என்று அல்ல.

காலையில் கேட்டது மத்தியானம் ஏன் கேட்கவில்லை? மாடலுக்கு விதிகளுக்கென்று தனி அறை இல்லை. நாம் எழுதிய விதி, அது திறந்து படித்த கோப்பு, டெஸ்ட் கக்கிய பிழைச் செய்தி, நம் அரட்டை எல்லாம் ஒரே நீளமான எழுத்தோட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அடுத்து என்ன எழுதுவது என்று அது தீர்மானிக்கும்போது அவை எல்லாமே செல்வாக்குச் செலுத்துகின்றன. காலையில் விதி அந்த ஓட்டத்தில் பெரிய பங்கு. மத்தியானம் அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான வரிகள் சேர்ந்துவிட்டன. நெல்சன் லியூவும் உடன் ஆய்ந்தவர்களும் 2023-இல் காட்டியது இது: நீண்ட உள்ளீட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இருக்கும் தகவலை மாடல்கள் நன்றாகப் பயன்படுத்துகின்றன, நடுவில் இருப்பதைத் தவறவிடுகின்றன. 2025 ஜூலையில் வெளியான இன்னொரு ஆய்வு, ஒரே நேரத்தில் எத்தனை கட்டளைகளைக் கொடுத்தால் தாங்கும் என்று பார்த்தது. 500 கட்டளை கொடுத்தபோது, இருப்பதில் சிறந்த மாடல்கூட 68 சதவீதத்தைத்தான் நிறைவேற்றியது. விதி மீறப்படும்போதெல்லாம் கோப்பில் இன்னொரு விதியைச் சேர்க்கிறோமே, அது ஏற்கெனவே இருக்கிற விதிகளின் பங்கையும் சேர்த்துக் குறைக்கிறது.

பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவர் ரெப்ளிட் என்ற கருவியின் ஏஐ துணையை வைத்து ஒரு செயலியைக் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று நிரல் முடக்கம் அறிவித்திருந்தார்; முழுக்கப் பெரிய எழுத்தில், திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். துணை அதையும் தாண்டி, நடப்பில் இருந்த தரவுத்தளத்தையே அழித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகள், நிறுவனங்கள் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. மீட்க முடியாது என்றும் அவரிடம் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அடுத்து அவர்கள் செய்ததுதான் முக்கியம். துணைக்கு இன்னும் கடுமையான அறிவுரை எழுதுவதோடு நிற்கவில்லை. சோதனைத் தரவுத்தளத்தையும் நடப்புத் தரவுத்தளத்தையும் தானாகவே பிரித்து வைத்தார்கள்.

இந்த இடத்தில் டேனரிக்குள் போக வேண்டும்.

பிக்கிள் என்பது குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலத்தில் பக்குவப்படுத்துகிற கட்டம். அதில் வரிசைதான் உயிர். டிரம்மில் தண்ணீர், உப்பு. பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். உப்புத் தண்ணீரின் அடர்த்தியைப் போமே மீட்டரில் பார்க்க வேண்டும், ஆறுக்குக் கீழே இருக்கக்கூடாது. அதற்குப் பிறகுதான் அமிலம். அதுவும் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, ஆற வைத்து, தவணை தவணையாக. உப்பு போதாமல் அமிலம் விழுந்தால் தோல் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். இழை விட்டுப்போகும், மேல்பரப்பு கெடும். அதன்பின் அந்தத் தோலை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. எல்லாம் கார்டில் எழுதித்தான் இருக்கிறது. கார்டு டிரம் பக்கத்திலேயே தொங்குகிறது. ஆனாலும் டெக்னீஷியன் கார்டில் டிக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு விடுவதில்லை.

எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர் வாணியம்பாடியில் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க டிரம் பக்கத்திலேயே நின்றவர். “உப்பு போட்டாச்சுன்னு எவன் சொன்னாலும் சரின்னு தலையாட்டாத தம்பி. போமே பாத்தியான்னு கேளு. பாத்தேன்னு சொன்னா, எங்கே காட்டுன்னு கேளு” என்பார்.

“எல்லாரையும் அப்படியே சந்தேகப்பட்டா எப்படி பாய்?” என்று கேட்டேன்.

“சந்தேகம் எங்க வந்துச்சு? நானே போட்டாலும் நான் பாப்பேன். ஆளு களைச்சுப் போவான், மறந்து போவான். மீட்டரு மறக்காது.”

அவர் செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு நீக்கும் கட்டம் முடிந்ததா என்று தெரிய, டிரம்மை நிறுத்தி ஒரு தோலை இழுப்பார். கழுத்துப் பக்கம் கனமாக இருக்கும் இடத்தில் கத்தியால் ஒரு கீறு. வெட்டுமுகத்தை விரலால் விரித்து அதன்மேல் ஃபினாப்தலீன் ஒரு சொட்டு. சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் அந்த இடம் உடனே இளஞ்சிவப்பாக மாறும். ஓரம் வெளுத்து நடுவில் மட்டும் சிவப்புக் கோடு நின்றால், மேலே நீங்கியிருக்கிறது, உள்ளே நீங்கவில்லை. டிரம்மை மூடி இன்னும் ஓட்டச் சொல்வார். பிக்கிளுக்கு வேறு சொட்டு, புரோமோகிரிசால் கிரீன். அது வெட்டுமுகம் முழுக்க மஞ்சளாக வர வேண்டும். நீலமோ பச்சையோ தெரிந்தால் அமிலம் நடுவரை போகவில்லை என்று அர்த்தம். குரோம் ஏறியதா என்பதற்குக் கொதிநீர்: ஒரு துண்டை வெட்டி, அதன் வரைவடிவைத் தாளில் போட்டுக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு எடுத்து, வரைவின்மேல் வைத்துப் பார்ப்பது. சுருங்கியிருந்தால் ஏறவில்லை.

இந்தச் சோதனை எதுவுமே வேலை செய்தவரின் வாய்வார்த்தையைக் கேட்பதில்லை. தோலைக் கேட்கிறது. தேறாத லாட் அடுத்த கட்டத்துக்குப் போவதும் இல்லை. கார்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது; கீறலும் சொட்டும் செய்தாகிவிட்டதா என்று சொல்கின்றன. இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஏஜென்ட்ஸ்.எம்டி ஒரு கார்டு. நிரல் எழுதுகிற நாங்கள் அதைச் சோதனைச் சொட்டாகவும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நிரல் உலகில் சோதனைச் சொட்டு இல்லாமல் இல்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற கருவியில் ஹூக் என்ற ஏற்பாடு இருக்கிறது. கமிட் ஆவதற்கு முன் ஒரு சிறிய நிரல் ஓடும். அது தோல்வி என்று திரும்பினால் கமிட்டே நடக்காது. மனிதர்களுக்காக ஏற்பட்ட காவல் இது. ஆனால் அதில் ஒரு பின்வாசலும் உண்டு: கமிட் கட்டளையோடு நோ-வெரிஃபை என்று சேர்த்தால் அந்தச் சோதனை ஓடாது. அவசரத்தில் இருக்கிற மனிதர்களுக்காக வைத்த வழி. ஏஐ துணைகள் மனிதர்கள் எழுதியதைப் படித்தே வளர்ந்தவை. இந்த வழியும் அவற்றுக்குத் தெரியும். சோதனை தடுக்கிறது, வேலை முடிய வேண்டும், வழி இருக்கிறது என்றால் அதில் போய்விடுகின்றன. கெட்ட எண்ணம் என்று ஒன்று இதற்குத் தேவைப்படுவதில்லை.

2025-இன் நடுவில் கிளாட் கோடுக்குள்ளேயே ஹூக் வந்தது. கதையின் இரண்டாவது பிறப்பு என்று நான் இதைத்தான் சொல்வேன். துணை ஒரு கட்டளையை ஓட்டப்போகிறது, ஒரு கோப்பைத் திருத்தப்போகிறது என்றால் அதற்கு ஒரு கணம் முன்பு நம் நிரல் ஓடும். அந்த நிரல் 2 என்ற எண்ணோடு முடிந்தால் துணையின் செயல் அந்த இடத்திலேயே தடைபடும். ஏன் தடுத்தோம் என்று நாம் எழுதிய செய்தி துணையிடமே போய்ச் சேரும். ஓட்டுவதா வேண்டாமா என்பது மாடலின் விருப்பத்தில் இல்லை. டெஸ்ட் ஃபோல்டரில் கை வைக்கப் போனால் தடு. நோ-வெரிஃபை என்ற சொல் கட்டளையில் இருந்தால் தடு. அதற்கும் மேலே, துணையின் கைக்கு எட்டாத இடத்தில், சர்வரில் ஒரு வாசல்: அங்கே டெஸ்ட் எல்லாம் மறுபடி ஓடித் தேறினால்தான் மெயின் பிரான்ச்சுக்குள் நுழைய முடியும். என் எடைக் கணக்குக்கான டெஸ்ட் இப்போது அந்த வாசலில் நிற்கிறது. அதன் எண்களை மாற்ற மனிதர் ஒருவர் ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

வேண்டுகோளுக்கும் வாசலுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது எங்கள் பகுதிக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. டேனரிக் கழிவை எப்படிச் சுத்திகரித்து விட வேண்டும் என்ற விதி 1974-ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏறக்குறைய பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்ததை உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது: ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் அல்லது சொந்தமாக வைக்க வேண்டும், வாரியத்தின் ஒப்புதல் இல்லாதவை மூட வேண்டும். பத்தாண்டு வேண்டுகோளால் வராத வேகம் அதற்குப் பிறகு வந்தது. ஆனாலும் பாலாறு பிழைக்கவில்லை. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டு ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. வாசல் இருந்தும் வாசலில் அளப்பவர் அளக்காமல் விட்டால், பின்வாசலை யாரும் அடைக்காமல் விட்டால், ஆறுதான் தாங்குகிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன வீடுகளுக்கு இது உவமை இல்லை.

எல்லாவற்றுக்கும் வாசல் வைத்துவிட முடியுமா என்றால் முடியாது. கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டாயா, எழுதுவதற்கு முன் யோசித்தாயா, பிழையின் வேரைத் தேடினாயா என்பதற்கெல்லாம் சோதனைச் சொட்டு கிடையாது. அந்த இடத்தில் இன்னும் பேச்சுதான். 2025 அக்டோபர் 16-இல் ஆந்த்ரோபிக் ஸ்கில்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எல்லா விதியையும் ஒரே கோப்பில் குவிக்காமல், ஒவ்வொரு வேலைமுறைக்கும் தனித்தனிக் கோப்பு. துணை தொடக்கத்தில் தலைப்பையும் ஒரு வரி விளக்கத்தையும் மட்டும் படித்துக்கொள்ளும், அந்த வேலை வரும்போது முழுவதையும் திறக்கும். நடுவில் புதைந்துபோகும் சிக்கலுக்கு இது நல்ல மருந்து, ஏனென்றால் விதி தேவைப்படும் நேரத்தில் புதிதாக வந்து நிற்கிறது. அதே மாதத்தில் ஜெஸ்ஸி வின்சென்ட் சூப்பர்பவர்ஸ் என்ற தொகுப்பை வெளியிட்டார்: முதலில் கலந்து பேசு, பிறகு திட்டம் எழுது, பிறகு தோற்கும் டெஸ்ட், பிறகுதான் நிரல் என்று கட்டங்கள் வரிசையாக. மனிதர்களை இணங்க வைப்பது பற்றி ராபர்ட் சியால்டினி எழுதிய கொள்கைகள் மாடல்களிடமும் வேலை செய்வதாக அவர் எழுதினார். நீ இதைச் செய்வதாகச் சொன்னாய் அல்லவா என்று அதன் வாக்கையே அதற்கு நினைவூட்டுவது ஒரு வழி. பயன் உண்டு. ஆனால் என் அனுபவத்தில், வாசல் வைக்க முடிந்த இடத்தில் பேச்சை நம்புவது வீண் உழைப்பு.

ஆகவே என் கோப்பைச் சுருக்கினேன். ஒவ்வொரு வரியையும் எடுத்து, இதை எது பிடிக்கும் என்று கேட்டேன். ஹூக்கோ டெஸ்ட்டோ பிடிக்கும் என்றால் வரியை ஒரே வாக்கியமாக்கி, நீ மீறினால் எங்கே தடுக்கப்படுவாய் என்று மட்டும் எழுதினேன். எதுவும் பிடிக்காது, எனக்கும் அது அவ்வளவு முக்கியமில்லை என்றால் வரியையே எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது ஒரு திரையில் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் செய்ய முடிந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட கோப்பைத் தமிழில் எழுதுவது கட்டுப்படியாகாது. மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும். தமிழ் எழுத்தைப் பொடிப்பொடியாக உடைத்தார்கள். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ கொடுத்த எடுத்துக்காட்டில், 116 டோக்கன் பிடித்த அதே தமிழ் வரி 35-இல் அடங்கியது. ஆங்கிலத்தைவிட இன்னும் கூடுதல்தான், ஆனால் தாங்கும். அதனால் வேலையின் வரிசையைத் தெரிந்தவர் சொல்வதை அவர் சொல்கிற மொழியிலேயே எழுதி வைக்கிறேன். இந்தப் பகுதியில் எந்தக் கட்டத்துக்குப் பின் எந்தக் கட்டம், எதைத் தவறவிட்டால் எது கெடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு வரி நிரல் எழுதியதில்லை, எழுதவும் வேண்டாம்.

பெரியவரை உட்கார வைத்து, கார்டு எந்த நிலையில் அச்சாகவே கூடாது என்று கேட்டேன். நிறையச் சொன்னார். ஷேவ் செய்த எடை ஏறாமல் ரீடான் கார்டு வரக்கூடாது. போமே அளவு எழுதாமல் அமிலத்தின் வரி திறக்கக்கூடாது. வெட்டுமுகம் பார்த்தவர் பெயர் இல்லாமல் குரோம் கட்டத்துக்குப் போகக்கூடாது. ஒவ்வொன்றும் இப்போது ஒரு டெஸ்ட். துணை அதில் ஒன்றை மீறி எதையாவது எழுதினால் ஹூக் தடுத்து அதற்கு ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்திகளை நான் எழுதவில்லை, பாய் சொன்னதை அப்படியே போட்டிருக்கிறேன். போமே விதிக்கு வரும் செய்தி: “பாத்தேன்னு சொல்லாத, காட்டு.” அதைப் படித்ததும் துணை விடுபட்ட சோதனையை எழுதி, ஓட்டி, முடிவைக் காட்டிவிட்டு மேலே போகிறது.